நல்லாப் பேசினீங்க

கட்டடத்தில் எல்லாரும் அவளை மீன்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வாசல் காவலாளியில் தொடங்கித் துறைத்தலைவர் வரை அதே பெயர். ஒரு தடவை வங்கியிலிருந்து வந்த போனை எடுத்து, "மீன்காரி பேசறேன்" என்று சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடித்தளத்தில் ஒரு வெக்கை அறை. வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். தொட்டிக்குள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீன்கள். வால் துடுப்பின் நுனியை நறுக்கிவிட்டால் சில வாரங்களில் மறுபடி முளைத்துவிடும் மீன் அது. முளைத்தது போதும், நிறுத்து என்று அந்த உடம்புக்குள் எது சொல்கிறது என்பதைத் தேடுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு ஒரே வம்சத்து மீன்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்க வேண்டும். நடுவில் ஒரு தலைமுறை போனால் எல்லாம் போச்சு.

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டியை ஆய்வகத்தில் மேடம் என்பார்கள். மேடம் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பூனையைக் கூப்பிடுவதுபோல அவ்வளவு மென்மையாகப் பேசுவார். வாய்க்கு வாய் "கண்ணா" என்பார். "நீங்கல்லாம் எனக்கு ஸ்டூடண்ட் இல்ல, பிள்ளைங்க" என்பார். பிள்ளைகளுக்கு லீவு எதற்கு என்று அவர் ஒருபோதும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமலேயே எல்லாருக்கும் புரிந்திருந்தது.

மீன்காரி சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தபோதுதான் முதல்தடவையாக ஊருக்குப் போனாள். மேடத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அப்பாவை நல்லாப் பாத்துக்க கண்ணா" என்று சொல்லி அனுப்பினார் மேடம். ஆபரேஷன் அறைக்கு வெளியே போனை அணைத்து வைக்கச் சொன்னார்கள். அணைத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் சுற்றும் பம்ப் நின்றுவிட்டது. அபாய ஒலி அவளுடைய போனுக்குத்தான் வரும். வந்திருக்கிறது. எடுக்க ஆளில்லை.

திரும்பி வந்தபோது மூன்றாம் தலைமுறை முழுவதும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. வடிகட்டும் வலையால் அவளே அள்ளி அள்ளிப் பைகளில் போட்டாள்.

மேடம் திட்டவில்லை. தோளில் கை வைத்தார்.

"பரவால்ல கண்ணா. மொதல்லருந்து ஆரம்பிச்சுக்கலாம். அப்பா நல்லா இருக்கார்ல, அதான் முக்கியம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

"சொன்னேனே மேடம்."

"சொன்னியா?" மேடம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஊருக்குப் போறேன்னு சொன்ன. மீனை யார்கிட்ட விட்டுட்டுப் போறேன்னு சொன்னியா கண்ணா?"

ஆய்வகத்தில் யாரிடமாவது விட்டிருக்க வேண்டும். விடவில்லை. எல்லாருக்கும் அவரவர் வேலை கழுத்துவரை இருந்தது. யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டுக் கேட்காமல் போய்விட்டாள். ஆக, தப்பு அவளுடையதுதான் என்று அந்த மென்மையான குரல் மேலே ஒரு சொல்கூட சொல்லாமல் தீர்த்துவைத்துவிட்டது.

அதற்குப்பிறகு அவளுக்குப் பம்ப்பின் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. குளிக்கும்போது கேட்டது. சாப்பிடும்போது கேட்டது. சத்தம் நின்றுவிட்டதுபோல ஒரு கணம் தோன்றும். பாதித் தட்டில் எழுந்து அடித்தளத்துக்கு ஓடுவாள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். கையை வைத்துப் பார்ப்பாள். வெதுவெதுப்பாக அதிரும். திரும்பி வருவதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். பிறகு சாப்பாட்டுக்கே போவதை விட்டாள். மேசை இழுப்பறையில் பிஸ்கட் இருந்தது.

குடுவை கழுவும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வரும். துக்கமாக எதுவும் தோன்றாது. ஜலதோஷத்தில் மூக்கு ஒழுகுவதுபோல அது பாட்டுக்கு ஒழுகும். சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அடுத்த குடுவையை எடுப்பாள். ஆய்வேட்டின் கோப்பைத் திறந்து, கடைசியாக எழுதிய வரியைப் படித்து, மூடிவிடுவாள். அப்பாவுக்குக் காது மந்தம். போனில் கத்திப் பேசுவார். "எழுதிட்டியா? எப்ப டாக்டர் ஆவ?" என்று கத்துவார். "எழுதிட்டே இருக்கேன்ப்பா" என்று இவளும் கத்துவாள். படிக்கட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பொய்யைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒருநாள் துணிந்து மேடத்தின் அறைக்குப் போனாள். ஒரு மாதம் லீவு வேண்டும் என்று கேட்பதற்கு. என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"வா வா, உன்னையே கூப்பிடணும்னு இருந்தேன்." மேடம் முகம் மலர்ந்திருந்தார். "அடுத்த வாரம் துறையில மனநல வாரம் கொண்டாடறாங்க. ஒவ்வொரு லேப்லருந்தும் ஒரு மாணவர் பேசணுமாம், ஆராய்ச்சியையும் மனசையும் எப்படிச் சமாளிக்கிறோம்னு. நான் உன் பேரைக் குடுத்துட்டேன்."

"மேடம், நான் வந்து…"

"உன்னைவிட யார் கண்ணா பேச முடியும்? அத்தனை மீனும் செத்துப்போச்சு. வேற ஒருத்தியா இருந்தா மூட்டையைக் கட்டியிருப்பா. நீ மறுநாளே வலையை எடுத்துட்டு நின்ன. உன்னைப் பார்த்து நாலு பேர் கத்துக்கட்டும்."

கேட்க வந்ததைக் கேட்காமல், கேட்காததை வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

மனநல வாரத்துக்குப் படிக்கட்டெல்லாம் மஞ்சள் நிறச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். 'பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்' என்று ஒன்று. கையில் வைத்து நசுக்குவதற்கு ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் வருகைப்பதிவு என்று சொல்லியிருந்தார்கள். முன்வரிசையில் மேடம், துறைத்தலைவர், அவர்கள் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகர். பருத்திப் புடவை கட்டிய, சோர்ந்த கண்களுள்ள நடுத்தர வயதுப் பெண்.

மீன்காரி பேசினாள். ஆராய்ச்சி ஒரு நீண்ட பயணம் என்றாள். தினமும் மாலையில் நடக்கப் போவதாகச் சொன்னாள். தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதே இல்லை என்றாள். மனம் சரியில்லை என்றால் கதவைத் தட்டலாம், எங்கள் மேடத்தின் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்றாள். "என் மீனெல்லாம் செத்தப்பகூட நான் தனியா இல்ல. என் லேப் என் கூட இருந்துச்சு" என்றபோது குரல் கொஞ்சம் உடைந்தது. கூட்டம் அதை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. அவளுக்கே வியப்பாக இருந்தது. ஒரு வரிகூட நிஜமில்லை. ஆனால் ஒரு வரியிலும் அவள் தடுமாறவில்லை.

"பிரமாதம்மா. நல்லாப் பேசினீங்க" என்றார் துறைத்தலைவர். அவர் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு அதைப் பெரிதாக அச்சடித்துப் படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டினார்கள்.

ஆலோசகர் எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு அவளிடம் வந்தார். "நல்லாப் பேசினீங்க" என்றார் அவரும். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசும்போது அந்த ரப்பர் பந்தைப் பிச்சு எடுத்துட்டீங்க. நேரம் இருந்தா ஒருநாள் வந்து சும்மா உக்காருங்க" என்றார்.

அவள் கையைப் பார்த்தாள். பந்து துண்டு துண்டாக இருந்தது.

அன்றைக்கே கழிவறையில் ரேடியோ அவளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அது பட்டப்பெயர்தான்; அதே ஆய்வகத்தில் இரண்டாம் வருஷ ஆராய்ச்சி மாணவி. எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பாள். ஆள் இல்லாவிட்டால் குளிர்பெட்டியோடு பேசுவாள். அது பதில் சொல்லும்வரை விடமாட்டாள் என்று கேலி செய்வார்கள். அன்றைக்கு அவள் கண் சிவந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் விட்டுட்டுப் போயிடலாம்னு இருந்தேன். நாளைக்கு மேடம்கிட்ட சொல்லிடறதுன்னு முடிவே பண்ணிட்டேன். எங்க அப்பாகிட்டகூட லேசாச் சொல்லி வச்சுட்டேன்."

"ஏன்?"

"முடியலக்கா. காலையில எந்திரிச்சா நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. ஒரு ரிசல்ட்டும் வரல. எனக்கு மட்டும்தான் இப்படி, நான்தான் மக்குன்னு நெனச்சுட்டிருந்தேன். இன்னைக்கு நீங்க பேசினதக் கேட்டதும், சே, இவங்களுக்கு எவ்வளவு பெரிய அடி, இவங்களே தாங்கறாங்க, நமக்கென்ன கேடுன்னு ஆயிடுச்சு." ரேடியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "போகலக்கா. இருக்கப் போறேன்."

மீன்காரி வாயைத் திறந்தாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, நான் அங்கே சொன்னது அத்தனையும் கதை என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வாக்கியம். ஆனால் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. நீண்ட நாளுக்குப் பிறகு ஒருத்தி அவளை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"நல்லது" என்றாள். "போகப் போகச் சரியாயிடும்."

அதற்குப்பிறகு வந்த மாதங்களில் ரேடியோ கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். முதலில் பாட்டு நின்றது. பிறகு பேச்சு. "ஸ்டேஷன் மூடிட்டாங்களா?" என்று ஒரு பையன் கிண்டல் செய்தான், அவள் சிரிக்கவில்லை. மீன்காரி அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்தாள். ஆனால் அவளே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி மூழ்குவது தெரிந்தாலும் கையை நீட்டத் தோன்றவில்லை.

ஆய்வகக் கூட்டம் ஒன்றில் ரேடியோ காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு மேடம் பெருமூச்சு விட்டார். "இதையேதான் போன மாசமும் காட்டின கண்ணா. எனக்குக் கோபமே இல்ல. வருத்தம்தான். பக்கத்துலயே உங்க அக்கா இருக்கா. அவளைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதா?"

ரேடியோ தலையைத் திருப்பி மீன்காரியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து ரேடியோ வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். போன் அணைந்திருந்தது. அந்த வாரக் கடைசியில், மதிய நேரம், மீன்காரி பம்ப்பைத் தொட்டுப் பார்க்கப் போகும் வழியில் சட்டென்று திரும்பி விடுதிக்கு நடந்தாள். ஏன் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு விடுதிக் காப்பாளரைக் கூப்பிட்டு மாற்றுச் சாவியால் திறக்க வைத்தாள்.

ரேடியோ தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. மடிக்கணினி எதிரே விரிந்திருந்தது; அதன் மின்சாரம் எப்போதோ தீர்ந்திருந்தது. அறை முழுக்கத் திரைச்சீலை மூடிய புழுக்கம்.

"எப்ப சாப்ட்ட?"

ரேடியோ யோசித்தாள். நிஜமாகவே நினைவுக்குக் கொண்டுவர முயல்வது தெரிந்தது. "இன்னைக்கு என்ன கிழமைக்கா?" என்றாள். பிறகு, "நான் உங்கள மாதிரி இல்லக்கா. முயற்சி பண்ணினேன்" என்றாள்.

மீன்காரி அவளைத் தூக்கி நிறுத்தினாள். பிள்ளை கனமே இல்லாமல் காற்றாக இருந்தாள். காப்பாளர் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் பிடித்து, பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உடம்பில் நீரே இல்லை என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். மனநல மருத்துவர் வந்து பார்த்துவிட்டு உள்ளேயே சேர்க்கச் சொன்னார். வராந்தாவில் நின்றபடி மீன்காரி மேடத்துக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"ஐயையோ" என்றார் மேடம். "கண்ணா, அவ போன வாரம் எடுத்த சாம்பிள் எங்க இருக்கு? ஃப்ரீசர்ல வச்சாளா, இல்ல வெளியவே விட்டுட்டாளா?"

மீன்காரி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"பாவம் குழந்தை" என்று மேடம் சேர்த்துக்கொண்டார். "அப்புறம் போய்ப் பாரு, ஃப்ரீசர்ல."

அவள் போய்ப் பார்த்தாள். அதைத்தான் அவளால் பின்னாளில் மன்னிக்க முடியவில்லை. மேடம் கேட்டதைவிடத் தான் போய்ப் பார்த்ததை. சாம்பிள்கள் ஃப்ரீசரில் இருந்தன. வரிசையாக, ஒவ்வொன்றிலும் ரேடியோவின் உருண்டைக் கையெழுத்தில் ஒட்டிய சீட்டோடு. எதுவுமே முடியாத நிலையிலும் அவள் அதைச் சரியாக வைத்துவிட்டுத்தான் அறைக்குப் போயிருக்கிறாள்.

மறுநாள் ரேடியோவின் அப்பா வந்தார். மளிகைக் கடை வைத்திருப்பவர். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த சட்டை கசங்கியிருந்தது. மீன்காரியைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்கதானேம்மா அந்த அக்கா? உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பா. அப்பவே படிப்பை விட்டுட்டு வர்றேன்னு நின்னா. நானும் சரி வா, கடையில ஒரு கை குறையுதுன்னேன். அப்புறம் நீங்க ஏதோ கூட்டத்துல பேசினீங்களாம். அதக் கேட்டு மனசு மாறிட்டா. உங்களாலதாம்மா அவ இவ்வளவு நாள் தாக்குப் பிடிச்சா."

மீன்காரி அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அது பொய்ங்க."

"என்னம்மா?"

"நான் பேசினது. நான் நடக்கப் போறதில்ல. தூங்கறதில்ல. அவளுக்கு இருந்தது எல்லாம் எனக்கும் இருந்துச்சு. அவ என்கிட்ட வந்து கேட்டப்பவும் நான் சொல்லல. சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு வந்திருப்பா."

அவர் கூப்பிய கையைப் பிரித்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வெறுமனே, விளங்காத ஒரு கணக்கைப் பார்ப்பதுபோல, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எதுக்கும்மா சொன்னீங்க?" என்றார் கடைசியில்.

அவர் உள்ளே மகளிடம் போய்விட்டார்.

அன்று மதியம் அவள் ஆலோசகரின் அறைக்குப் போனாள். கோப்புகள் அடுக்கும் அறையின் ஒரு பாதியைத் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஆலோசகர் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவள் அழத் தொடங்கினாள். இந்தத் தடவை அது ஜலதோஷம் இல்லை.

"மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள், அழுது முடித்ததும், கொஞ்சம் எகத்தாளமாகவே.

"சொல்லிக் குடுப்பேன். உபயோகமாத்தான் இருக்கும்" என்றார் ஆலோசகர். "ஆனா உங்ககிட்ட ஒளிக்க விரும்பல. இங்க வர்றவங்களைத் தேத்தி அனுப்பறது என் வேலை. எங்க அனுப்பறேன்? அதே ரூமுக்குத்தான். ரூமை மாத்தற அதிகாரம் என்கிட்ட இல்ல. நானே வாரத்துல ரெண்டு நாள் வந்துட்டுப் போற ஆளு." பிறகு அவளை மருத்துவரிடம் அனுப்பினார். மருத்துவர் மாத்திரை எழுதினார். மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்று சான்றிதழ் கொடுத்தார்.

மேடம் அந்தத் தாளை விரல் நுனியால் பிடித்துப் படித்தார்.

"நீயுமா கண்ணா?" கண் கலங்கிவிட்டது அவருக்கு. நடிப்பு இல்லை, நிஜமான கண்ணீர். "ஒரே நேரத்துல ரெண்டு பிள்ளையும் என்னைக் கைவிட்டா நான் என்ன செய்வேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் மேடம் அன்னைக்கு வந்தேன். நீங்க பேசச் சொல்லி அனுப்பிட்டீங்க."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வா. மீனுக்கு லீவு கிடையாது, யாராவது பாத்துப்பாங்க" என்றார்.

வீட்டுக்குப் போனதும் முதலில் தூங்கினாள். தூங்கி எழுந்து, மறுபடி தூங்கினாள். அப்பா முதலில் பயந்தார், பிறகு பழகிக்கொண்டார். மாத்திரை தொடக்கத்தில் வாயை உலர்த்தியது, தலையைப் பஞ்சாக்கியது. பல நாள் எதுவும் மாறவில்லை. ஒருநாள் சோற்றில் உப்பு அதிகம் என்று சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். வந்ததிலிருந்து சாப்பாட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் சொல் அது. மாலையில் அப்பாவோடு நடந்தாள். அவருக்குக் காது கேட்காததால் பேச வேண்டிய அவசியம் இல்லை. பம்ப்பின் சத்தம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

திரும்பிப் போனதும் நேராக மீன் அறைக்குள் நுழைந்தாள். தொட்டிகளில் புதிய சீட்டுகள் ஒட்டியிருந்தன. உருண்டைக் கையெழுத்து.

ரேடியோ ஏணிமேல் நின்று மேல்வரிசைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் இறங்கினாள்.

"மேடம் எங்க வீட்டுக்கே வந்துட்டாங்கக்கா. பழமெல்லாம் வாங்கிட்டு. எங்க கடையில அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து அப்பாகிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க. உங்க பொண்ணு சாதாரணப் பொண்ணு இல்லன்னாங்க. அப்பாவுக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க." அவள் தீனி டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "உங்க மீனை நான் எடுத்துக்கலக்கா. குடுத்தாங்க."

"எனக்குத் தெரியும்டி."

போய்க் கேட்டபோது மேடம் எதையும் மறைக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஒரு தன்னம்பிக்கை வரணும்ல? முளைச்சு வர்ற ப்ராஜெக்ட். உனக்கு இருக்கறதை வச்சு, டாக்டர் பட்டம் இல்லாட்டியும், ஒரு சின்னப் பட்டம் எழுதிடலாம் கண்ணா. உடம்பு முக்கியம்."

மீன்காரி துறைத்தலைவரிடம் போனாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மேசையின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். லீவு கேட்கப் போனதை, மேடம் பேச அனுப்பியதை, ஃப்ரீசர் பற்றிக் கேட்டதை, இத்தனை வருஷத்து வேலை கைமாறியதை. அவர் பேனாவை மூடி வைத்துக் கேட்டார். நல்ல மனிதர். முடித்ததும் தாடையைத் தடவினார்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கும்மா. புகார்னு எழுதிக் குடுத்தா விசாரணைக் குழு வைக்கணும். குழுவுல மொத கேள்வி என்ன கேப்பாங்க? மேடத்தோட கதவு எப்பவும் திறந்திருக்கும், லேப் கூடவே நின்னுச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னது நீங்கதானே? அதோட வீடியோகூட நம்மகிட்ட இருக்கு." அவர் வருத்தமாகத்தான் சொன்னார். "அதுவும் எவ்வளவு நல்லாப் பேசினீங்க!"

வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது. கழற்றலாமா என்று நின்று பார்த்தாள். நாலு பக்கமும் திருகாணி வைத்து முடுக்கியிருந்தார்கள். நகத்தால் ஒன்றைத் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. கீழே இறங்கினாள்.

போவதற்கு முன் ரேடியோவை வெளியே மரத்தடி பெஞ்சுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள். கழிவறையில் சொல்லாததை அங்கே சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். மேடை, கைதட்டல், பிஸ்கட், பம்ப். கடைசியாக, "நீயும் வந்துடு. இங்க இருக்காத" என்றாள்.

ரேடியோ தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப சொல்றீங்களேக்கா" என்றாள். கோபமாக இல்லை. "அப்ப சொல்லியிருந்தா போயிருப்பேன், அப்பாவும் சரின்னுட்டார். இப்ப மேடம் வந்துட்டுப் போனதுக்கப்புறம் கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் பெருமையாச் சொல்லிட்டிருக்கார். நான் எப்படிப் போறது?" எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். "மாத்திரை சாப்பிடறேன். ஆலோசகர் மேடத்தைப் பாக்கறேன். பாத்துக்கறேன்."

மீன்காரி சின்னப் பட்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது வேறொரு ஊரில் குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பாட்டில்களில் தண்ணீர் வரும். சோதித்துக் குடிக்கலாம், குடிக்கக் கூடாது என்று எழுதுவாள். மாலையில் கதவைப் பூட்டினால் வேலை அங்கேயே இருந்துவிடும், கூடவே வீட்டுக்கு வராது. அங்கே அவளை யாரும் மீன்காரி என்று கூப்பிடுவதில்லை. இரவில் தூங்குகிறாள். அதற்காக மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. முளைத்தது போதும் என்று மீனுக்குள் எது சொல்கிறது என்ற அந்தக் கேள்விக்குப் பதில் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு தலைமுறை. சில நாட்களில், தண்ணீர்ப் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கும்போது, உள்ளே ஏதாவது நீந்துகிறதா என்று கண் தேடும். கீழே வைத்துவிட்டு அடுத்த பாட்டிலை எடுப்பாள்.

போன வாரம் ஒரு மதியம் ரேடியோ போன் செய்தாள்.

"அக்கா, தொட்டித் தண்ணில உப்பு கூடிட்டே போகுது. அளவுமானியை எப்படிச் சரி பண்ணுவீங்க?"

படிப்படியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சாப்ட்டியா?"

"ம்."

"ஆலோசகரைப் பாக்கறியா?"

"அவங்க இப்ப வர்றதில்லக்கா. ஒப்பந்தம் முடிஞ்சுடுச்சாம். புது ஆள் இன்னும் போடல."

"தூங்கறியாடி?"

அந்தப் பக்கம் பேனா மூடியை அழுத்தும் சத்தம் கேட்டது.

"இங்க பாரு. எப்ப வேணா கூப்பிடு. உப்பைப் பத்தி இல்லாட்டியும் கூப்பிடு. புரியுதா? நானும் தினம் கூப்பிடறேன்."

"சரிக்கா" என்றாள் ரேடியோ. பிறகு அவசரமாக, "இந்த வருஷ மனநல வாரத்துக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. மேடம் பேரைக் குடுத்துட்டாங்க" என்றாள்.

"என்ன பேசப் போற?"

"தெரியலக்கா." பின்னால் கதவு திறக்கும் ஓசை, ஒரு மென்மையான குரல் எதையோ கேட்டது. "வச்சுடறேன்" என்று ரேடியோ போனை வைத்துவிட்டாள்.

மீன்காரி கையுறையை மாட்டிக்கொண்டு, காத்திருந்த பாட்டிலின் மூடியைத் திறந்தாள்.